முப்பத்திரண்டு வரை

ஜூலை 12, சனி

ஷாகிரா மேடம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய நோட்டு ஒன்று என் பையில் கிடந்தது, அது இப்போது இதற்கு ஆகிவிட்டது.

இன்றைக்குத் திருப்பூரில் என் வீட்டுக்காரருக்கு மூன்றாவது வாரப் பேச்சுப் பயிற்சி. மேடத்துக்கு இருபத்தேழு வயதுதான் இருக்கும். இவரைப் பார்த்து, "நாச்சிமுத்து சார், மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்து "ர..." என்றார்.

"ரசஞ்சோறுங்க, ரெண்டு அப்பளம்" என்றேன் நான்.

"உங்க வீடு எந்த ஊர்ல சார்?"

"ப..."

"பல்லடமுங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, பக்கவாதம் வந்தது சாருக்கா, உங்களுக்கா?"

இவர் சிரித்தார். மே மாதம் குளியலறையில் விழுந்ததிலிருந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறார், அதுவும் என்னை வைத்து. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாரே.

கால் ஏறக்குறைய வந்துவிட்டது. வலது கை இன்னும் தொங்குகிறது. நாம் பேசுவதெல்லாம் இவருக்குப் புரிகிறது, இவருக்குத்தான் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. எழுதச் சொன்னால் இடது கையில் கோடு மட்டும் வரும். ஓர் எண்ணைத் தனியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டால் கடகடவென்று எண்ணுகிறார். அது மனப்பாடமாக உள்ளே வேறு இடத்தில் இருக்கிறதாம்.

மேடம் எனக்கு இரண்டு உத்தரவு போட்டிருக்கிறார். ஒன்று, இவர் பேச ஆரம்பித்தால் நான் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும், அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. இரண்டு, ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தையை இவர் வாயிலிருந்து பிடுங்கினேன் என்று இந்த நோட்டில் எழுத வேண்டும்.

ஒரு படிவமும் நிரப்பச் சொன்னார்கள். இவருடைய பிறந்த தேதி என்ற இடத்தில் ஜூன் ஒன்று என்று எழுதினேன். அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி. இவருடைய உண்மையான பிறந்தநாள் எல்லா வருஷமும் வராது, அது ஒரு தமாஷான கதை. நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்.

ஜூலை 14, திங்கள்

பிடுங்கியது: பதினொன்று.

பத்தொன்பது. மேடம் படிப்பார் என்று குறைத்து எழுதினேன், மனசாட்சி உறுத்துகிறது.

அதில் ஐந்து, ஓசூரிலிருந்து மகள் போன் பண்ணியபோது. "அப்பாகிட்டக் குடும்மா" என்றாள். கொடுத்தேன். இவர் "சா..." என்று இழுத்தார். "சாப்புட்டியான்னு கேக்குறார்டி, மாப்பிள்ளை நல்லா இருக்காரான்னு கேக்குறார்டி" என்று நான் பக்கத்தில் இருந்தே கத்தினேன். இவர் போனை என் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இந்தச் சுவரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், திரும்பி வரும்போதும் அதைத்தான்.

ஜூலை 16, புதன்

காலையில் நான் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன். நான் சத்துணவு அமைப்பாளர், எட்டரைக்கு அங்கே இல்லாவிட்டால் அரிசி உலையில் விழாது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், நூற்றுப் பன்னிரண்டு முட்டை. சமையலம்மா சோறு வடிப்பதற்குள் பாதி முட்டையை நான் உரித்துவிடுவேன், அவ்வளவு வேகம் இந்தக் கைக்கு.

அந்த அவசரத்தில் இவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிற இடத்தைக் காட்டி, "ஆ... ஆணி" என்றார்.

வார்த்தை! முழு வார்த்தை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் காலண்டர் ஆணி ஆடிக்கொண்டிருந்தது, உண்மைதான். சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டேன். "ஆச்சுங்க, இனி அசையாது" என்றேன். இவர் தலையை ஆட்டி மறுபடியும் "ஆணி" என்றார். இன்னும் இரண்டு போடு போட்டேன். பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தார். "பயிற்சி சாயங்காலம் பண்ணிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

சாயங்காலம் வந்து எண்ணச் சொன்னேன். எண்ணவில்லை. சாப்பிடவும் இல்லை, பால் மட்டும் குடித்தார். ஆனாலும் இரண்டு மாதத்தில் முழுசாக ஒரு வார்த்தை வந்திருக்கிறது. எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொன்னேன்.

பிடுங்கியது: மூன்றே மூன்று. இது நிஜம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காலண்டரில் பழைய தாளைக் கிழித்து அதிலேயே தேங்காய்ச் சில்லை மடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஆணி கெட்டியாக நிற்கிறது.

ஜூலை 24, வியாழன்

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவின் அடைக்கோழியைக் காலையில் கீரி பிடித்துவிட்டது. ஒன்பது முட்டையில் ஆறு உடைந்துபோய், மூன்றுதான் மிச்சம். அக்கா அந்த மூன்றையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். கையில் துணிப்பையும் இருந்தது. கோயமுத்தூரில் மகளுக்கு வலி கண்டுவிட்டதாம், பஸ்ஸுக்கு நேரமாகிறதாம்.

"கோகிலா, தொட்டுப்பாரு கண்ணு, இன்னும் சூடு இருக்குது. நாச்சிமுத்து குஞ்சுப் பண்ணையில இருந்தவர்தான, எப்படியாச்சும் பொரிக்க வெச்சுரு."

"நான் எங்கீங்க்கா இதையெல்லாம்..."

"ஆனி இருவத்தஞ்சுல வெச்சேன், எங்க கருப்பராயனுக்குப் பொங்க வெச்ச அன்னிக்கு. இருவத்தோரு நாளு கணக்குப் பண்ணிக்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க கண்ணு. நாளு ஆகறதுக்கு முன்னாடி ஓட்டுல கை வெச்சுராத, ரத்தம் வந்து செத்துப்போயிரும். நாளு தாண்டியும் வெளிய வரலீன்னா மட்டும் நனைச்சு எடுத்துவிடலாம்."

சொல்லிக்கொண்டே போய்விட்டார். மூன்று முட்டையும் என் கையில். அவித்து உரிக்கத்தான் எனக்குத் தெரியும், உயிரோடு வைத்துக்கொள்ளத் தெரியாது.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. இவர் சுவரை விட்டுத் திரும்பினார். எழுந்து வந்து ஒரு முட்டையை இடது கையில் எடுத்துத் தன் கண் இமையின் மேல் வைத்துப் பார்த்தார். இருபத்து நான்கு வருஷம் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் அப்படித்தான் சூடு பார்த்திருக்கிறார். பரணைக் காட்டினார். பழைய பிஸ்கட் டப்பாவில் இவருடைய தெர்மாமீட்டர் இருந்தது. மருந்துக்கடையில் கேட்டதும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்கள், நல்ல மனுஷர்கள். நாற்பது வாட் பல்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், காற்றுக்கு ஓட்டை. நான் செய்யச் செய்ய இவர் விரலால் காட்டிக்கொண்டே இருந்தார்.

கணக்கும் போட்டேன். ஆனி இருபத்தைந்திலிருந்து முப்பது வரை ஐந்து நாள். மிச்சம் பதினாறு. ஆடி பதினாறில் குஞ்சு. பெட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஆடி 16 என்று எழுதினேன். இவர் அந்த எழுத்தைத் தட்டித் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார். "நாள் எண்ண இன்னும் காலம் கெடக்குதுங்க" என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.

பிடுங்கியது: கவனிக்கவில்லை.

ஜூலை 26, சனி

முட்டையை நாளுக்கு மூன்று தடவை திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார்கள். இரண்டு முட்டைக்கு நான் போட்டேன். மூன்றாவதை இவர் பிடுங்கிக்கொண்டு தானே போட்டார். இடது கையில், கோணல்மாணலாக, ஆனால் பெருக்கல்தான். விழுந்த பிறகு இவர் எழுதிய முதல் எழுத்து அது.

மேடத்திடம் சொன்னேன். "அதை நீங்க போட்டுக் குடுக்கலையே?" என்று சந்தேகமாகக் கேட்டார். என் பெயர் அங்கே அப்படி நாறிப்போயிருக்கிறது. "சட்டைப் பட்டன் யார் போடுறது?" என்றும் கேட்டார். நான்தான் என்றேன். "நீங்க போட்டா அந்தக் கைக்கு என்னம்மா வேலை? விட்டுப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டனை இவரிடமே விட்டேன். நாலு பட்டனுக்கு இருபது நிமிஷம். என் உள்ளங்கை இரண்டும் அரித்தது, அவற்றைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணப் பந்தலில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ஜூலை 28, திங்கள்

இன்றோடு திருப்புவதை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டார். கடைசி இரண்டு மூன்று நாள் திருப்பக்கூடாதுதான், ஆனால் என் கணக்குக்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்துகிறாரே என்று நினைத்தேன். பண்ணையில் எப்படியோ, விட்டுவிட்டேன்.

நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவருக்கு இப்போது முதுகு. பாப்பாத்தி அக்காவின் கோழி செத்ததற்கு நன்றி சொல்ல முடியுமா? சொல்லக்கூடாதுதான்.

ஜூலை 30, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் கீச் கீச் என்று சத்தம்! என் இரண்டு முட்டையும் உடைந்து, ஈரமாக இரண்டு குஞ்சு. ஒன்று கறுப்பு, ஒன்று தவிட்டு நிறம். இவர் கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு நாள் முந்தியே வந்துருச்சுங்களே, அவசரக்குடுக்கைங்க! என்னைய மாதிரி" என்றேன்.

இவர் கோணல் பெருக்கல் போட்ட முட்டையிலும் ஒரு இடத்தில் நட்சத்திரம் போல விரிசல். உள்ளிருந்து மூக்கு நுனி தெரிகிறது. அதற்கு நாளைக்கோ நாளை மறுநாளோ. ஒன்றும் அவசரமில்லை.

ஜூலை 31, வியாழன்

விரிசல் நேற்றுப் பார்த்த மாதிரியே இருக்கிறது. ஒரு மயிரிழை கூடவில்லை. சத்தம் வருகிறது, ஆனால் சின்னதாக.

என் கைக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும். தினம் நூறு முட்டை உரிக்கிற விரல், ஒரு நகம் வைத்தால் போதும், ஓடு தானாகக் கழன்று வரும். ஆனால் பாப்பாத்தி அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டேன். நாள் ஆகவில்லை. ரத்தம் வரும். மேடம் சொன்னதையும் நினைத்துக்கொண்டேன். என்னுடைய உதவியால் இந்த வீட்டில் எத்தனை காரியம் கெட்டிருக்கிறது என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இந்த ஒரு தடவையாவது கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

இவருக்குத்தான் பொறுக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக முட்டையைக் காட்டி, "ஆணி" என்றார்.

"ஆணியா? ஆணியில குத்தச் சொல்றீங்களா? உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"ஆணி. ஆணி."

"ஆணியும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். நாளன்னிக்கு வரைக்கும்... அட, நாளைக்குத்தான் ஆடி பதினாறு. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார், இடது கையால். எனக்கும் கோபம். சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

அந்தக் குஞ்சு செத்துப்போனால் இவர் நாற்காலி மறுபடியும் சுவருக்குப் போய்விடும். எனக்கு அதுதான் பயம். அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. பதினெட்டு வருஷத்தில் காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன். ஒரு கோழிக்குஞ்சுக்காக லீவு போட்டேன் என்றால் சமையலம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், மறந்துவிடக்கூடாது.

காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். விரிசல் அப்படியேதான் இருந்தது. உள்ளே தெரிந்த வெள்ளைத் தோல் பழுப்பாகக் காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. காதை வைத்துக் கேட்டேன். சத்தம் நின்று நின்று வந்தது. இரண்டு சத்தத்துக்கு நடுவில் நான் மூச்சு விடவில்லை.

"இன்னிக்குத்தானுங்க நாளு. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்" என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

இவர் பெட்டியை இடது கையால் ஓங்கி அடித்தார். தெர்மாகோலில் விரல் பதிந்தது. நான் எழுதிய ஆடி 16 மேல்தான் அடித்தார். "ஆணி!" என்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏனுங்க, நான் சொன்னாக் கேளுங்க..."

"ஒண்ணு" என்றார். "ரெண்டு. மூணு."

போதுமுங்க என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பத்து எண்ண வேண்டியது நான், இங்கே எண்ணிக்கொண்டிருப்பது இவர். மேடத்தின் முகம் ஞாபகம் வந்தது. என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன்.

ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் வழக்கமாகப் புகுகிற இடம் அது. நான் பேசவில்லை என்றதும் இவர் முகமே மாறியது. பதினொண்ணு, பன்னண்டு என்று மேலே போனார். பதினெட்டுக்குப் பிறகு நாக்கு சிக்கியது. "பத்... பத்..." என்று திணறினார். எனக்கு நுனி நாக்கில் பத்தொன்பது நிற்கிறது! விழுங்கினேன். இவருக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் "ஒண்ணு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பெட்டியில் சத்தம் இல்லை. அந்தக் குஞ்சு போய்விட்டது என்றே நினைத்தேன். எழுந்து பார்க்கலாம் என்று கால் துடித்தது. ஆனால் இந்த மனுஷர் இரண்டரை மாதமாக எதையோ எனக்குச் சொல்ல வருகிறார், நான் ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். இன்றைக்கு எழுந்தால் இனி ஆரம்பிக்கவே மாட்டார் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

பதினெட்டு. பத்தொம்பது. தாண்டிவிட்டார். இருபது. இருபத்தஞ்சு. அங்கே விரலால் பெட்டியைத் தட்டினார். முப்பதில் மறுபடியும் தட்டினார். பிறகு மெதுவாக, "முப்பத்தொண்ணு" என்றார். "முப்பத்திரெண்டு." நிறுத்தினார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அவ்வளவுதான் என்கிற மாதிரி.

"ஆனி" என்றார்.

ஆணி இல்லை. ஆனி! ஆனி மாசம்! ஆனிக்கு முப்பத்திரண்டு நாள்!

சில வருஷம் முப்பத்தொன்று, சில வருஷம் முப்பத்திரண்டு. நான் பாட்டுக்கு முப்பது என்று போட்டுவிட்டேன். கிழித்த தாளில் தேங்காய் மடித்தவளுக்கு எங்கே தெரியும்? விரல் விட்டு எண்ணினேன். இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டுக்கு ஏழு. மிச்சம் பதினாலு. ஆடி பதினாலு, புதன்கிழமை. அவசரக்குடுக்கை என்று நான் திட்டிய இரண்டும் சரியான நாளில்தான் வந்திருக்கின்றன. நாள் ஆகவில்லை என்று நான் காவல் காத்த குஞ்சுக்கு நாள் தாண்டி இரண்டு நாள்.

"அப்ப எடுத்துவிடலாமுங்களா?" என்று கத்தினேன். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து, ஆறு எண்ணியிருப்பேன்.

"த...ண்ணி" என்றார்.

வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தேன். பஞ்சை நனைத்து அந்தக் காய்ந்த தோலில் ஒற்றினேன். முட்டையை இவர் இடது கையில் ஏந்திக்கொண்டார், நான் வலது கையால் ஓட்டைப் பொட்டுப் பொட்டாக எடுத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் கை. நூற்றுப் பன்னிரண்டு முட்டையை அரைமணியில் உரிக்கிறவள், ஒரு முட்டையில் கால்வாசியை உரிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஒரு இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. "நி..." என்றார் இவர். நிறுத்து என்று சொல்கிறார் என்று யாருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை, விரலை மட்டும் நிறுத்தினேன். பெட்டிக்குள் வைத்துவிட்டு அரைமணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிறகு மறுபடியும் ஒற்றி, மறுபடியும் ஒரு பொட்டு. மூக்கு முழுதாக வெளியே வந்ததும் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அந்த இரண்டு தடியன்களும் பயந்து மூலைக்கு ஓடின!

தலை வந்ததும் இவர் என் கையைத் தட்டிவிட்டார். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். அதுவும் பார்த்துக்கொண்டது. பதினொன்றரை மணிக்கு ஒரு உதை. இன்னொரு உதை. பாதி ஓடு அந்தப் பக்கம், குஞ்சு இந்தப் பக்கம். கோணல் பெருக்கல் போட்ட ஓட்டை நான் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இவர் ஒரு சைகை செய்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்ப்பது மாதிரி, ஒரு கையால்தான் முடிந்தது. எனக்குத் தெரியும், ஒரு தடவை பண்ணைக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். பண்ணையில் இருபத்தொன்றாம் நாள் சாயங்காலம் முட்டை அடுக்கிய தட்டுகளை வெளியே இழுப்பார்கள். அதற்குள் வெளியே வராததையெல்லாம் அப்படியே குழியில் கொட்டிவிடுவார்கள், ஓட்டுக்குள் சத்தம் கேட்டாலும். இருபத்து நான்கு வருஷம் அதுதான் இவர் வேலை. ஒருநாளும் அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. இன்றைக்கு அந்தச் சைகையைச் செய்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஈரக்குஞ்சைக் கண் இமையில் வைத்துக்கொண்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய பக்கம் காலண்டர். அதன் மேல் நான் அறைந்து அறைந்து சுவரோடு பதித்த ஆணி.

எழுந்துபோய் அந்த ஆணியைத் தொட்டேன்.

ஆனி முப்பத்திரண்டு. இவர் பிறந்தநாள்! காலண்டரில் ஆனிக்கு முப்பத்திரண்டு வருகிற வருஷத்தில் மட்டும் இவருக்குப் பிறந்தநாள். அதுதான் அந்தத் தமாஷான கதை. "உங்களுக்கு வயசே ஏறாதுங்க" என்று நான் கேலி பண்ணாத வருஷம் இல்லை. அது வருகிற வருஷமெல்லாம் நாட்டுச்சக்கரை போட்டுப் பருப்புப் பாயசம் வைப்பேன். இந்த வருஷம் வந்தது, ஆடி பிறப்பதற்கு முந்தின நாள். நான் சுத்தியலை எடுத்து ஆணி அடித்தேன்.

"ஏனுங்க, அன்னிக்கு... அன்னிக்குச் சொன்னது பொறந்தநாளுங்களா?"

இவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு இடது கையை முஷ்டியாக்கி, காற்றில் நாலு போடு போட்டுக் காட்டினார். ஒரு நிறுத்து. இன்னும் இரண்டு போடு.

நான் அழுதேன், இவர் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன், இவர் அழுதார். கோழிக்குஞ்சு பாட்டுக்குத் தூங்கிவிட்டது.

பிடுங்கியது: ஒன்றும் இல்லை. இது நிஜம், மேடம்.

ஆகஸ்ட் 2, சனி

மேடத்திடம் நோட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு நோட்டை மூடினார். "பத்துன்னு நான்தானேம்மா சொன்னேன், எனக்கும் இது பாடம்" என்றார். "பத்தே பெருசுங்க மேடம், நான் மூணுகூடத் தாண்டாதவ" என்றேன். நல்ல பிள்ளை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பாப்பாத்தி அக்கா போன் பண்ணினார். பேத்தி பிறந்திருக்கிறாள், சுகப்பிரசவம். மூன்று குஞ்சும் உயிரோடு இருக்கின்றன என்றேன். "அட என்ற சாமி! அப்ப ஒண்ணை நீயே வெச்சுக்க கண்ணு" என்றார். எது என்று கேட்கவில்லை. எதுவென்று எங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பதினெட்டு நாள் தாமதமாகப் பாயசம் வைத்தேன். இவர் குளித்து, தானே பட்டன் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷம்தான் ஆனது. தோளில் குஞ்சு.

டம்ளரைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார்.

"ந..." என்றார்.

நல்லாருக்கு. அதுதான். இருபத்தாறு வருஷமாக நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிற பதில். வாய் வரை வந்துவிட்டது. எண்ண ஆரம்பித்தேன். பத்து ஆயிற்று. "நா...ட்" என்றார். நாக்கு புரளவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். இருபது ஆயிற்று. பாயசத்தில் ஆடை படிந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பத்தொன்று, முப்பத்திரண்டு...

"நாட்டுச்சக்கரை" என்றார். "பத்தல."

நான் எழுந்துபோய் டப்பாவோடு கொண்டுவந்தேன்.